உன் தலைமேல் இன்னொருத்தியின் கை

அன்புள்ள எபி,

செராமிக் வேலைக்கு வடக்கே மோர்பி போய்ச் சேர்ந்துவிட்டாய். அங்கேயும் நம் ஊரைப் போலவே வெள்ளைத் தூசிதான், முகம் கழுவினால் தண்ணீர் பால் மாதிரி ஓடுகிறது என்று போனில் சொன்னாய். "சாப்ட்டியா?" என்று கேட்டேன். "சாப்ட்டேம்மா" என்றாய். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பேச வராத எனக்கு எழுத மட்டும் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. நம் சபையில் என்னைப்போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டாலும் சரிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெயசீலி அக்காமேல் பொறாமை. அன்றும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். என் பிள்ளையோ நல்லபடியாக வேலைக்குப் போயிருக்கிறான். அப்படியிருந்தும் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல எனக்கு இருக்கிறது. எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. நீ என் பிள்ளையா, அவள் பிள்ளையா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

என்னை உனக்குத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனதும் நான்தான். உன் தாத்தா சூளைக்கு விறகு சுமந்தவர். நான் இரண்டாம் வருடத் தேர்வு எழுதியபோது நீ என் வயிற்றில் இருந்தாய். பட்டம் வாங்கிய போட்டோவில் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் இடுப்பில் இருக்கிறாய். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. உன்னோடு சேர்ந்தேதான் நானும் வளர்ந்தேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபம் செய்வார்கள். நான் மட்டும் உதட்டை அசைக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். உனக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தம் அடங்கிய நேரம் பார்த்து, "யம்மா, நீ ஜெபம் பண்றியா, தூங்குறியா?" என்று கேட்டுவிட்டாய். சபையே சிரித்தது. முன் வரிசையிலிருந்து ஜெயசீலி அக்கா திரும்பி, "உங்கம்மா ஆண்டவருக்கு மட்டும் கேக்குற மாதிரி பேசுறாடா. எனக்குத்தான் அவருக்குக் காது கேக்குமான்னு சந்தேகம். அதான் இந்தக் கத்து கத்துறேன்" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளைப்போல ஒரு நாளாவது கத்திவிட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே வந்துவிட்டது. என் பொறாமைக்கு வயது அதிகம்.

அவள் மகன் டேனியும் நீயும் ஞாயிறு பள்ளியில் ஆரம்பித்து செராமிக் டிப்ளமோ வரைக்கும் ஒரே பெஞ்சு. அவன் அப்பா அவன் சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். ஜெயசீலி அக்கா, செராமிக் கம்பெனிகள் இருக்கும் எஸ்டேட் வாசலில் டிபன் வண்டி போட்டுத்தான் அவனை வளர்த்தாள். காலையில் இட்லி, சாயங்காலம் போண்டாவும் டீயும். நான் கணக்கு எழுதும் கம்பெனியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே அவள் வண்டிதான். அவள் சிரிப்பது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்.

அந்த டிசம்பரைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. கேரல் ரவுண்ட்ஸுக்கு டேனிதான் கிறிஸ்மஸ் தாத்தா. அதற்கான உடையைச் சேத்தியாத்தோப்பில் இருக்கும் சபையில் இரவல் தருவார்கள் என்று இரண்டு பேரும் அப்பாவின் வண்டியில் போனீர்கள். திரும்பும்போது நீ ஓட்டினாய். பொழுது சாய்கிற நேரம். முன்னால் கரும்பு ஏற்றிப் போன டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லை. நீ பிரேக் பிடித்தாய், வண்டி சறுக்கியது, டேனி வாய்க்கால் மதகுச் சுவரில் போய் விழுந்தான். உனக்குக் கை முறிந்தது, காதுக்குப் பின்னால் தையல் போட்டார்கள். டேனி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒரே ஆட்டோவில். வராந்தாவில் யாரோ ஒருவர், "ரெண்டுல ஒரு பையன் பொழச்சிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், நின்ற இடத்திலேயே நான் ஜெபம் செய்தேன். அது என் பிள்ளையாக இருக்கட்டும் என்று. பக்கத்தில் நின்ற ஜெயசீலி அக்காவும் அதையேதான் கேட்டிருப்பாள், வாய் விட்டு. ஒரே வராந்தாவில் ஒரே ஜெபம் இரண்டு பேரிடமிருந்து போனது. கிடைத்தது எனக்கு. அன்றிலிருந்து எத்தனையோ முறை முழங்கால் போட்டிருக்கிறேன். அந்த வராந்தாவைத் தாண்டி என்னால் போக முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ மறந்திருக்கமாட்டாய். நம் சபையில் யாருக்காவது நோய் குணமானால், வேலை கிடைத்தால், நன்றியாகக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதிப் போடுவோம். செயலாளர் அதை ஆராதனையில் வாசிப்பார். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய வழக்கம் அது. கை தானாகக் கவரை எடுத்துவிட்டது. 'எங்கள் மகன் எபிநேசரை விபத்தில் அதிசயமாய்க் காத்ததற்காக' என்று என் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டேன். செயலாளர் வாசித்தார். சபை "ஸ்தோத்திரம்" என்றது. அப்போதுதான், எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஜெயசீலி அக்காவின் முதுகைப் பார்த்தேன். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் பின்தங்கி, அவள் குரலும் தனியாகக் கேட்டது. "ஸ்தோத்திரம்."

ஆண்கள் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. நீ எழுந்து போய்விட்டாய். வீட்டுக்கு வந்ததும், "அப்ப டேனிய மட்டும் வேணான்னு வுட்டுட்டாராமா ஆண்டவரு?" என்று கேட்டாய். "அப்படியெல்லாம் பேசாதடா" என்று அப்பா சத்தம் போட்டார். "சாமி வேலையாத்தானம்மா போனோம்? சினிமாவுக்கா போனோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே, ஏதோ தீய்கிற மாதிரி சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

பிறகு ஒரு வருடம் நீ சபைக்கு வரவில்லை. படிப்பை எப்படி முடித்தாய் என்று எனக்கே ஆச்சரியம். கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாய். நான் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். நீ வெளியே போன நேரத்தில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போடுவேன். வார்த்தை வராது. போர்வையை மடித்துவைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அதுதான் என் ஜெபம். கேட்கப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எஸ்டேட் காம்பவுண்டு ஓரத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். போண்டா போட்டுக்கொண்டிருந்த ஜெயசீலி அக்கா உன்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. அடுத்த நாளும் நின்றாய். ஒரு நாள் அவள் கரண்டியை ஆட்டி ஏதோ கத்தினாள், நீ போய்விட்டாய். மறுநாள் திரும்ப வந்தாய். பிறகு ஒரு நாள் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் கழித்து நீ பேச ஆரம்பித்திருந்தாய். என்ன பேசினாய் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உன் கைகள் ஆடின. பேசும்போது கையை ஆட்டுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் பழக்கம். வீட்டில் ஒரு வருடமாக நான் பார்க்காத கைகள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. கணக்கில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டியதை இன்னொரு கம்பெனிக்கு எழுதிவிட்டேன். "என்னம்மா, கண்ணு ஜன்னல்லயே இருக்குது?" என்று மேனேஜர் கேட்டார். தலைவலி என்றேன். வீட்டுக்கு வந்து போண்டா போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெத்தென்று போண்டா வந்ததே இல்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்தால், "இப்பத்தாம்மா சாப்ட்டேன்" என்றாய். எங்கே சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. அப்பா முழுவதையும் தின்றுவிட்டு, "தெனம் போடு" என்றார். அதற்குப் பிறகு நான் போடவே இல்லை.

நான் ஆண்டவரிடம் கேட்டது உன் முகத்தில் ஒரு வெளிச்சம். அவர் கொடுத்தார். ஆனால் என் சமையல்கட்டு வழியாக வரவில்லை. வேண்டுமென்றே சுற்றிப் போய், நான் பார்க்கும்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு டிபன் வண்டியிடம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குக் கோபம். கிருபை என்று பிரசங்கத்தில் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அது நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் இறங்கும்போது அதே வார்த்தை தொண்டையில் சிக்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலி அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு சபைக்கு வந்தாய். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாய். "ஆண்டவர் இருக்காரான்னு எனக்கு இன்னும் முழுசா தெரியல. ஜெயசீலி அம்மா எனக்கு டீ குடுத்தாங்க. அதனால வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று சபைக்குத் தெரியவில்லை. கடைசியில் பாஸ்டர் "ஆமென்" என்றார். பிறகுதான் எல்லோரும் சொன்னார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். என் கண்ணீர் வேறு. உன் சாட்சியில் நான் எங்கேயும் இல்லை. 'ஜெயசீலி அம்மா' என்று அவளைச் சொன்னாய். அதுவரை 'டேனி அம்மா'தான்.

பிறகு மோர்பி வேலை வந்தது. நம் சபைப் பிள்ளைகள் தூர தேசத்துக்குப் போகும்போது முன்னால் முழங்கால் போட வைத்து, பெற்றவர்கள் தலைமேல் கை வைக்க, பாஸ்டர் ஜெபித்து அனுப்புவது வழக்கம். இரவு சாப்பாட்டின்போது, "ஜெயசீலி அம்மாவும் வந்து கை வைக்கட்டும்மா" என்றாய். அப்பா, "வைக்கட்டுமே, அதுக்கென்ன" என்றார். நீ என்னையே பார்த்தாய். "ரசம் ஊத்தவா?" என்று கேட்டேன். நான் சம்மதித்துவிட்டதாக நீ எடுத்துக்கொண்டாய்.

சனிக்கிழமை ஜெயசீலி அக்கா வீட்டுக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா காலேஜு. என்னா அதிசயமா வூட்டுப் பக்கம்?"

அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து.

"சும்மாத்தாங்க்கா."

"சும்மா வர்ற ஆளா நீ? ஜன்னல் வழியா பாக்குற ஆளாச்சே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கி நான் வரக்கூடாதுன்னு சொல்ல வந்துருக்க. அதான?"

"ஐயோ, இல்லக்கா."

"வாய் இல்லைங்குது, மூஞ்சி ஆமாங்குது. சொல்லிட்டுப் போயேன், என்னா இப்ப."

அவ்வளவு நாள் சேர்த்துவைத்ததில் ஒரே ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது. "அவன் எம்புள்ளக்கா."

சுவரில் டேனி போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் சொன்ன வார்த்தையைப் பார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்டி. யாரு புள்ளன்னு தெரிஞ்சிதான் தெனம் டீ ஊத்துனேன். மொத நாளு அவன் வந்து நின்னப்ப எண்ணெ கொதிச்சிக்கிட்டு இருக்குது. அப்படியே தூக்கி அவன் மூஞ்சில ஊத்தலாமான்னு இருந்துச்சி எனக்கு. எம்புள்ளய ஏத்திக்கினு போயி எறக்கி வுடாம வந்தவன் எங்கிட்ட ஏன்டா வர்றன்னு அப்பறம் ஒரு நாளு கத்தி தொரத்தி வுட்டேன். மறுநாளு மறுபடியும் வந்து நிக்கிறான். என்னா பண்றது?"

"நீங்க மன்னிச்சிட்டீங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிறாங்க."

"எல்லாரும் பேசுவாங்க. நேத்து மன்னிச்சிருப்பேன். காலைல எந்திரிச்சா திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். சில நாளு அவனுக்கு டீயில சக்கர போடமாட்டேன், வேணும்னே. கேக்காம குடிச்சிட்டுப் போவான்." மூக்கை உறிஞ்சினாள். வெங்காயமா என்று தெரியவில்லை. "என்மேல ஒனக்குப் பொறாமையா? அடி போடி. நீ ஆபீஸு முடிஞ்சி வெளிய வருவ, அவன் எந்திரிச்சி ஓடி வந்து ஒங்கையில இருக்கற பைய வாங்குவான். நீ பாட்டுக்குக் குடுத்துட்டு முன்னால நடப்ப. அன்னிக்கிப் பூரா நான் ஆண்டவரோட சண்ட போடுவேன். ரெண்டுல ஒண்ணுதான்னா ஏன் அவ புள்ளன்னு. இதச் சொல்லித்தான் நான் ஜெபம் பண்றேன். நீங்கள்லாம் ஆமென் ஆமென்னு சொல்றீங்க."

நீ பையை வாங்குவதை நான் ஒரு நாளும் கவனித்ததே இல்லை, எபி. என்னைவிட அதிகமாக உன்னை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கெளம்பு. நான் வரல. எனக்குக் கோவம் இல்ல" என்றாள். நான் வாசலுக்கு வந்ததும் உள்ளேயிருந்து மறுபடி குரல் கொடுத்தாள். "கோவம் இருக்குது. ஆனாலும் வரல."

இதையெல்லாம் கேட்ட பிறகு என் மனம் இளகியிருக்க வேண்டும். வரும் வழியில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டேன். கடையில் நின்று உனக்குப் பிடித்த மிக்சர்கூட வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முன்னால் போய் முழங்கால் போட்டாய். அப்பா உன் தோளில் கை வைத்தார். நான் பக்கத்தில் வந்ததும், "ஜெயசீலி அம்மா வரலியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாய். உன் தலைமேல் கை வைத்தேன். முழுத் தலையும் எனக்குத்தான். வேறு யார் கையும் இல்லை. நான் கேட்டது இதைத்தான். பாஸ்டர் கண்ணை மூடினார். அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே உன் தலை மெல்லத் திரும்பியது. வாசல் பக்கம். நான் பிடித்திருக்கும்போதே திரும்பியது.

கையை எடுத்தேன். "பாஸ்டர், கொஞ்சம் இருங்க" என்றேன். அந்தச் சபையில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டோமே என்ற பயத்தில் வெளியே ஓடிவிட்டேன். செருப்புக் குவியலில் என்னுடையது கிடைக்கவில்லை. வெறுங்காலோடு போனேன். எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்களாம், பாஸ்டர் சமாளிப்பதற்காக ஒரு பாட்டை ஆரம்பித்தாராம்.

ஜெயசீலி அக்கா பின்பக்கத்தில் நைட்டியோடு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க."

"எங்க?"

"மண்டி போட்டு ஒக்காந்துருக்கான்."

"அதுக்கு நான் என்னா பண்ண? நீதான் இருக்கியே."

"நான் வச்சேன். அவன் வாசலப் பாக்குறான்."

கையில் இருந்த மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கையெல்லாம் கவுச்சியா இருக்குது காலேஜு. நைட்டியோட எப்படிடி சர்ச்சுக்கு வருவேன்?"

"பரவால்லக்கா. வாங்க."

"ஒனக்குப் பரவால்ல. எம்மானம்ல போவுது." கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கையைப் பாதிதான் கழுவினாள். இரண்டு பேரும் தெருவில் ஓடினோம். பூனை ஒன்று அந்த மீனைத் தின்றுவிட்டது என்று அப்புறம் ஒரு வாரம் என்னைத் திட்டினாள்.

உள்ளே போனபோது அதே பல்லவியை எத்தனையாவது தடவையோ பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கீபோர்டு வாசிப்பவர் பெருமூச்சு விட்டார். ஜெயசீலி அக்கா உன் தலைமேல் கை வைத்தாள். அவள் கைக்குப் பக்கத்தில் நானும் வைத்தேன். அவள் ஜெபம் செய்ய ஆரம்பித்தாள், எப்போதும்போலக் கத்தி. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பொறாமைப்படுகிறவள் எப்படிக் கண்ணை மூடுவாள்?

அதனால்தான் பார்த்தேன். அவள் விரல்கள் உன் முடிக்குள் எதையோ தேடுவதுபோல நகர்ந்தன. பின்னால் போய், இடது காதுக்குப் பின்னால், தையல் போட்ட தழும்பில் நின்றன. அதைத் தடவின. திரும்பத் திரும்பத் தடவின. வாய் மட்டும் மோர்பியையும் ரயிலையும் வேலையையும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. டேனியைக் கொண்டு வந்தபோது தலை முழுவதும் துணி சுற்றியிருந்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கன்னத்தைத்தான் தொட்டாள். அவன் காயத்தை அவள் பார்க்கவே இல்லை. ஆறிப்போன ஒரு காயத்தை அவள் கை இப்போதுதான் தொடுகிறது.

நான் என் கையை எடுத்துவிட்டேன். உன் தலையை முழுதாக அவளுக்கு விட்டுவிட்டு, ஈரமாக இருந்த அவள் முதுகில் வைத்தேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். குரலில் அது தெரியவே இல்லை. அன்றைக்கு நான் செய்த ஜெபம் அது ஒன்றுதான், வார்த்தை இல்லாமல்.

உன் தலையிலிருந்து ஒரு கை போனது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஜங்ஷனில் ரயில் ஏறும்போது, "இன்னும் கோவமாம்மா? கைய எடுத்துட்டியே" என்று கேட்டாய். ரயில் கிளம்பிவிட்டது. இல்லையென்றாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கோபத்தில் எடுக்கவில்லை. ஆனால் அன்பு பொங்கியும் எடுக்கவில்லை. எனக்கு வலித்தது. வலிக்க வலிக்கத்தான் எடுத்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ போயிருக்கிற ஊரிலும் தமிழ் ஆராதனை இருக்கிறதாம், உன் அறை நண்பன் சொன்னதாக அப்பா சொன்னார். போ. மனம் வராத வாரம் போகாமல் இருந்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உனக்கு நல்லது நடந்தால் நன்றி சொல், சொல்லாமல் இருக்காதே. சொல்வதற்கு முன்னால் உனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள். டேனி ஏன், நீ ஏன் இல்லை என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. பதில் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடு. நான் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். பதிலே கிடைக்காத ஒருத்தி, உன்னைத் துரத்தியடித்த பிறகும் அடுப்பைப் பற்றவைத்து உனக்கு டீ போட்டாள். ஆண்டவர் இருக்கிறார் என்று நான் இன்னும் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காரணம் நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றுகிறது.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முதல் போனை ஜெயசீலி அக்காவுக்குப் பண்ணு. அவளுக்குக் கூப்பிட வேறு யாரும் இல்லை. அவள் சீக்கிரத்தில் விடமாட்டாள், மீன் விலையிலிருந்து பாஸ்டரின் பிரசங்கம் வரைக்கும் சொல்லித்தான் வைப்பாள். அவசரப்படுத்தாதே. அவள் பேசி முடித்த பிறகு எனக்குப் பண்ணு. அதுவரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றிரண்டு முறை நானே உன் நம்பரைப் போட்டு, நீ வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுவிட்டு வைப்பேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நீ பேசு.

உன்னைப் பெற்றவள்